வானொலியில் பாடியவர்களின் குரலைத் தேடிப் போகிறவர்களுக்கு

வானொலியில் பாடியவர்களின் குரல் வானொலி நிலையத்தில் பத்திரமாக இருக்கும் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் இருக்காது. இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு கோடை விடுமுறைகளும் கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும். என் அப்பா பங்கேற்ற வில்லுப்பாட்டு நிகழ்ச்சி ஒன்றின் ஒலிப்பதிவைத் தேடி அலைந்த கதை இது. கடைசியில் கிடைத்தது. ஆனால் கிடைத்த இடத்துக்கும் நான் தேடத் தொடங்கிய இடத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்பா, பாட்டா, அத்தை என்று யாருடைய வானொலிக் குரலையாவது தேட நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அப்பா அண்ணாவி, அதாவது கதை சொல்லும் குழுத் தலைவர், இல்லை. குழுவில் குடம் அடிப்பவர். அண்ணாவி வில்லின் முன்னால் உட்கார்ந்து கதையைச் சொல்லிக்கொண்டு போக, அப்பா குடத்தின் வாயில் பாளை மட்டையால் அடித்தபடி ‘ஆமா’ போடுவார். ஊர்க் கோயிலின் கொடை விழா நோட்டீசில் அண்ணாவியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அப்பா ‘குழுவினர்’ என்பதற்குள் அடங்கிவிடுவார். வானொலியில் மட்டும்தான் வில் யார், உடுக்கை யார், குடம் யார் என்று ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாக வாசித்தார்கள். அதை அவர் சாகும்வரை சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அவருடைய பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகுதான் அவர் குரல் எங்கள் வீட்டில் எங்குமே பதிவாகவில்லை என்பது உறைத்தது. கைப்பேசியில் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் காணொளிகள் இருந்தன. அவற்றில் அப்பா ஓரமாக உட்கார்ந்து இருமுகிறார். அண்ணன்மார் இருவரும், “போட்டோ இருக்கிறதே, போதாதா?” என்றார்கள். போதாது என்று தோன்றியது எனக்கு மட்டும்தான். அதனால் தனியாகத்தான் இறங்கினேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் வானொலிக் கதையே சற்று வேறு மாதிரியானது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். ரேடியோ முள்ளைத் திருப்பினால் திருவனந்தபுரத்து மலையாளம் தெளிவாகக் கேட்கும். 1963-இல் திருநெல்வேலி நிலையம் வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி எப்போதும் உண்டு. அகில இந்திய வானொலி 1952-ஐ ஒட்டிச் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது கூட்டம் கூட்டமாக இலங்கைப் பக்கம் போன நேயர்கள், 1957-இல் சினிமாப் பாட்டு போடும் விவித பாரதி வந்த பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழைத் திருத்திக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பிறகு 1984-இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில்தான் தொடங்கப்பட்டது. அப்பாவின் நிகழ்ச்சி அதற்கும் முந்தியது. மாவட்டத்துக்கு வெளியே இருந்த ஒரு நிலையத்துக்குக் குழுவோடு போய்ப் பாடி வந்தது.

தேடிப் போன இடங்களில் எல்லாம் கிடைத்தவை கதைகள்தான். அவற்றிலிருந்து ஒன்று புரிந்தது. வானொலி வில்லுப்பாட்டை ஊருக்கெல்லாம் கொண்டுபோனது உண்மை; கூடவே கத்தரித்தும் விட்டது. கொடையில் இரவு தொடங்கும் கதை விடியும்வரை போகும். கதையில் தெய்வம் வரும் இடத்தில் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும்வரை அண்ணாவி அங்கேயே நின்று வில்லை அடிப்பார். அதற்குப் பிறகுதான் கதை நகரும். வானொலியில் கிடைத்ததோ அரை மணி நேரம். அதிலும் அறிவிப்பு போக மிச்சம்தான். அதோடு முன்கூட்டியே எழுத்துப்படி கொடுக்க வேண்டும். ஏட்டையும் நினைவையும் நம்பிப் பாடிய எங்கள் அண்ணாவிக்காகப் பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருவர் கதையைச் சுருக்கி நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நோட்டை நான் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் நிமிடக் கணக்கு. கதைத் தெய்வமான இசக்கி பிறப்பதற்கு நான்கு நிமிடம், வஞ்சினத்துக்கு மூன்று நிமிடம், வாழி பாட ஒரு நிமிடம். அருள் வருவதற்கு நிமிடம் ஒதுக்கப்படவில்லை. ஆனால் நிகழ்ச்சி ஒலிபரப்பான மாலையில் அண்ணாவியின் ஊரில் டீக்கடை ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்கு அருள் வந்துவிட்டதாம். ரேடியோவை நிறுத்தவும் பயம், விடவும் பயம். கடைசியில் ரேடியோப் பெட்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள் என்று அண்ணாவியின் மகன் சொன்னார்.

ஒருமுறை வானொலியில் பாடிவிட்டால் மறு ஆண்டு நோட்டீசில் ‘வானொலிப் புகழ்’ என்று போட்டுக்கொள்ளலாம். கூலியும் கூடும். இதில் வேடிக்கை என்னவென்றால், கோயில் கமிட்டிக்காரர்களே பிறகு, “ரேடியோவில் பாடியது போலச் சுருக்கமாகப் பாடுங்கள்” என்று கேட்கத் தொடங்கினார்களாம். அரசாங்கமும் வில்லை விட்டுவைக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, வீரிய விதை எல்லாம் வில்லில் ஏறின. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற பாட்டுக்கு ஐந்து பிள்ளை பெற்ற என் அப்பா குடம் அடித்திருக்கிறார்.

இனி தேடலுக்கு வருகிறேன். முதலில் போனது இரணியல் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அண்ணாவியின் மகனிடம். அவர் ஒரு தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் வானொலி நிலையம் அனுப்பிய ஒப்பந்தக் காகிதம் இருந்தது. நிகழ்ச்சியின் பெயர், 1982 ஏப்ரலில் ஒரு தேதி, நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு சன்மானம் என எல்லாம் அதில் உண்டு. தேடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது இந்தக் காகிதத்தைத்தான். தேதி இல்லாமல் எந்த நிலையத்துக்குப் போனாலும், “எந்த வருஷம் அம்மா?” என்ற கேள்வியோடு திரும்ப வேண்டியதுதான். ஒப்பந்தம் குழுத் தலைவர் பெயருக்குத்தான் வரும். ஆகவே உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் தலைவர் வீட்டில் கேளுங்கள். காகிதம் போய்விட்டிருந்தால், நிகழ்ச்சி நிரலை அச்சிட்டு வந்த ‘வானொலி’ இதழின் பழைய பிரதிகள் சில நூலகங்களில் இருக்கக்கூடும். நிகழ்ச்சிப் பெயரும் நேரமும் அதில் அகப்படும்.

ஒப்பந்தத்தின் நகலோடு நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே நடத்தினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஓய்வுபெறும் வயதில் இருந்த ஓர் ஊழியர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அன்று ஸ்பூல் டேப்பின் விலை அதிகம். ஒலிபரப்பு முடிந்ததும் அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வது வழக்கம். பெரிய வித்வான்களின் கச்சேரிகள், தலைவர்களின் பேச்சு ஆகியவை ஆவணக் காப்பகத்துக்குப் போகும். கிராமிய நிகழ்ச்சியில் வந்த அரை மணி வில்லுப்பாட்டு அப்படிப் போவது அபூர்வம். “உங்கள் அப்பாவின் நிகழ்ச்சிக்கு மேல் பூச்சிமருந்து உரை பதிவாகியிருக்கும்” என்று சிரிக்காமல் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுதேன். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கும்வரை நிற்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சொல்லி ஒருவர் ஆலோசனை தந்தார். பத்து ரூபாய்க் கட்டணம்தான். ஆனால் இல்லாத டேப்பை மனுவால் உண்டாக்க முடியாது. நிலையத்துக்குத் தேதி, நிகழ்ச்சி, குழுத் தலைவர் பெயர் மூன்றையும் குறித்து ஒரு கடிதம் எழுதுங்கள். அதோடு அந்த வழியை முடித்துக்கொண்டு வேறு பக்கம் பாருங்கள். பதில் வரட்டும் என்று காத்திருந்து நான் ஒரு மழைக்காலத்தையே இழந்தேன். அதற்குள் நடந்த சேதம் இன்னும் பெரியது.

அந்தத் தகரப்பெட்டியின் அடியில் சில கேசட்டுகளும் இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் நிகழ்ச்சியின் பெயரையே எழுதி வைத்திருந்தார்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. துணிக்கே பூஞ்சை பிடிக்கும் ஊரில் கேசட் தப்புமா? கண்ணாடி வழியே பார்த்தால் டேப் சுருளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருவதாக விளம்பரம் செய்திருந்த, வெளியூரில் ஒரு கடைக்கு எல்லாவற்றையும் கூரியரில் அனுப்பினேன். கேசட்டுக்கு 500 ரூபாய், மொத்தம் 3,000. பூஞ்சையைப் பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் பார்த்துக்கொள்கிறோம்” என்றார்கள். பூஞ்சையை நீக்காமலே இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள். டேப் ஒட்டிக்கொண்டு, இழுபட்டு, அறுந்து, முதல் பாதி கசங்கிய நூலாகத் திரும்பி வந்தது. மிச்சத்தை ஒரு சின்ன எம்பி3 கோப்பாக அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கோப்பைக் கேட்டபோது வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. இரைச்சலை நீக்குகிறோம் என்று மென்பொருளால் வழித்து எடுத்ததில் வில்லின் மணிச் சத்தமும் போய்விட்டது. அந்தச் சிணுங்கலை டேப்பின் சீற்றம் என்று கணக்கெடுத்துத் துடைத்திருக்கிறது மென்பொருள். மணியில்லாத வில்லுப்பாட்டை நான் அன்றுதான் கேட்டேன். முடிவிலிருந்த அறிவிப்பையும் ‘பாட்டு அல்ல’ என்று வெட்டியிருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கேசட் ஏற்கெனவே கெட்டிருந்தது என்று பதில்.

ஆகவே கடையில் கொடுக்கிறவர்கள் இவற்றைப் பேசி முடித்த பிறகே கொடுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை முதலில் உலர்த்திச் சுத்தம் செய்வார்களா, எப்படி என்று கேளுங்கள். எந்த வடிகட்டலும் செய்யாத வேவ் கோப்பு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும்; இன்றைய பென்டிரைவுக்கு அது ஒன்றுமே இல்லை. எம்பி3 உறவினர்களுக்கு அனுப்புவதற்குத்தான். முன்னும் பின்னும் எதையும் வெட்டக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் அறிவிப்புதான் அத்தாட்சி. முக்கியமான கேசட்டை முதல் தவணையில் அனுப்பவே வேண்டாம். தேவையில்லாத ஒரு பழைய கேசட்டை அனுப்பி அவர்கள் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு பிரதியாவது எங்காவது இருக்காதா என்று கண்ட இடமெல்லாம் சொல்லி வைத்தேன். அது ஒருவர் காதுக்கு எட்டியது. பழைய வானொலிப் பதிவுகளைச் சேகரிப்பவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு தொலைபேசியில் பேசினார். அதே 1982 நிகழ்ச்சி தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஒரு சிறு துண்டை அனுப்பினார். வில் இருந்தது, குடம் இருந்தது; கதையும் இசக்கி கதைதான். 5,000 ரூபாய் அனுப்பினேன். வந்தது வேறொரு குழு, கேசட் கம்பெனிக்காகப் பாடி விற்ற பதிவு. அந்த எண்ணில் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. இப்படி யாராவது வந்தால் கதையின் நடுவிலிருந்து துண்டு கேட்காதீர்கள். தொடக்க அறிவிப்பைக் கேளுங்கள். வானொலியிலிருந்து பதிவு செய்ததென்றால் முன்னாலோ பின்னாலோ அறிவிப்பாளர் குரல் கட்டாயம் ஒட்டிக்கொண்டிருக்கும். விற்பனைக் கேசட்டில் அது இருக்காது.

திருப்பம் வந்தது அண்ணாவியின் மகன் தற்செயலாகச் சொன்ன ஒரு பேச்சில். “அன்று ரேடியோ எல்லா வீட்டிலும் உண்டு. ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள். பதிவு செய்கிற பெட்டி யார் வீட்டில் இருந்தது? வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில்தானே?” என்றார். அப்போதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. நான் ஒலிபரப்பியவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் துபாய், குவைத், சவூதி என்று போன நம் மாவட்டத்துக்காரர்கள் கொண்டுவந்த முதல் சாமான்களில் ஒன்று நேஷனல் பானசோனிக் ‘டூ இன் ஒன்’. ரேடியோவில் வருவதை ஒரு பொத்தானில் கேசட்டில் பிடிக்கலாம். அந்த வீடுகளில் கடிதமே கேசட்டில்தான் போகும், வரும். எழுதத் தெரியாத மனைவியும் பேசத் தொடங்காத குழந்தையும் சேர்ந்து ‘எழுதிய’ கடிதங்கள் அவை. ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள்.

அந்த வழியில் விசாரித்தபோது திங்கள்சந்தைப் பக்கத்தில் ஒரு பெரியம்மை (பெரியம்மாவை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) கிடைத்தார். கணவர் குவைத்தில் இருந்தபோது, ஊர்ச் சத்தம் கேட்கட்டும் என்று ரேடியோவில் வரும் வில்லுப்பாட்டையெல்லாம் பிடித்து அனுப்பியவர். அந்தக் கேசட்டுகளைக் கணவர் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். பரணில், பிஸ்கட் டின்னுக்குள், ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்தார் பெரியம்மை. பூஞ்சை அவ்வளவாக இல்லை. மேலே எழுதியிருந்தவை எல்லாம் சினிமாப் பாட்டுகளின் பெயர்கள். “பெயரைப் பார்க்காதே மக்களே, எழுதியது ஒன்று, பிடித்தது ஒன்று” என்றார். தேடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். மேலே எழுதியிருப்பதை நம்பி ஒரு கேசட்டையும் ஒதுக்காதீர்கள்.

இந்த முறை யாரிடமும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். 8,000 ரூபாய்க்கு இணையத்தில் பழைய கேசட் டெக் ஒன்றை வாங்கினேன். வந்து சேர்ந்த பெட்டி ஓடவில்லை. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக்கிடந்தது. மார்த்தாண்டத்தில் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் அதைச் சுரண்டி எடுத்து, புது பெல்ட் போட 1,800 ரூபாய் ஆனது. பழைய டெக் வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் கேசட் ஓடுவதையும் முன்னும் பின்னும் சுற்றுவதையும் காணொளியாகக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தில் போடுவதற்கு முன்பே ஒன்று செய்யுங்கள். கேசட்டின் பின்விளிம்பில் இரு மூலைகளிலும் இருக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். அவை இருந்தால், தவறிப்போய் ஒரு பொத்தானை அழுத்தினாலும் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

லேசாக ஈரம் ஏறிய கேசட்டுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில வாரம் வைத்தேன். வெயிலில் காயவைக்காதீர்கள், அடுப்படிப் பக்கமும் வேண்டாம். டேப்பைச் சூடாக்கினால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது சில வகை ஸ்பூல் டேப்புகளுக்கு நிபுணர்கள் செய்யும் வைத்தியம்; கேசட்டுக்கு ஆகாது. பூஞ்சையைத் துடைக்கும்போது முகக்கவசம் போடுங்கள். நான் முதல் நாள் போடாமல் ஒரு வாரம் இருமினேன். பூஞ்சைக் கேசட் ஒன்று ஓடிய பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் இயந்திரத்தில் டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடைக்காவிட்டால், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அறுந்த டேப்பைச் செல்லோ டேப்பால் ஒட்டவே கூடாது. பசை கசிந்து ஹெட்டில் அப்பும். அதற்கென்றே ஒட்டுநாடா இருக்கிறது. திருகாணி போட்ட கேசட்டென்றால் திறந்து, உள்ளே இருக்கும் சுருளை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் ஓட்டியபோது சத்தம் மங்கலாக வந்தது. மெக்கானிக் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். போர்வைக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்தவர் அதை விலக்கியது போல மணிகள் வந்துவிட்டன. பதிவு செய்த பெட்டியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வுக்கு நம் ஹெட்டையும் கொண்டுவர வேண்டுமாம். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும். கடைகளில் பலர் இதைச் செய்வதே இல்லை.

அப்படியும் அண்ணாவியின் குரல் பையன் குரலாகவே இருந்தது. பெரியம்மையின் பெட்டி அன்று சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கணினித் திரையில் காட்டினான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் முணுமுணுப்பு பதிவிலும் ஏறிவிடும். எங்கள் டெக் தன் பங்குக்கு 50-இல் ஒரு மெல்லிய கோடு போட்டிருந்தது. பக்கத்தில் 53-இல் இன்னொரு கோடு. “இது 1982-இன் மின்சாரம், அக்கா” என்றான். கேசட்டுக்குள் பதிந்திருந்த அந்த முணுமுணுப்பு 50-க்கு வரும்வரை வேகத்தை ஏறத்தாழ ஆறு சதவீதம் குறைத்தோம். அண்ணாவிக்கு வயது வந்தது. இதையும் பிரதியில்தான் செய்தோம். மூலக் கோப்பைத் தொடவில்லை.

அப்பாவின் நிகழ்ச்சி அந்தக் கேசட்டில் முழுதாக இருக்கிறது. அறிவிப்பாளர் பெயர்களை வாசிக்கிறார். குடம் என்று சொல்லி அப்பாவின் பெயரை முதலெழுத்தோடு, நிறுத்தி, நிதானமாகச் சொல்கிறார். குடம் தள்ளியிருந்து கேட்கிறது. மற்ற சத்தத்தை விழுங்கிவிடும் என்று அப்பாவை மைக்கிலிருந்து விலக்கிச் சுவரோரம் உட்காரவைத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் ‘ஆமா’வும் சுவரோரமிருந்துதான் வருகிறது. பின்னணியில், வில்லுக்கு அடியில், புரியாத மொழியில் இன்னொரு நிலையம் முனகுகிறது. இருட்டியதும் மத்திய அலை தொலைதூரம் போகும். அப்போது நம் பெட்டிகளில் இரண்டு நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்வது சகஜம். தம்பி அதை நீக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அப்பா வானொலியில் பாடியபோது ஊர் கேட்டது இப்படித்தான்.

யாரும் எச்சரிக்காத இன்னொரு விஷயம், கேசட்டின் மறுபக்கம். பெரியம்மையின் வீட்டில் உட்கார்ந்து நான் கேசட்டைத் திருப்பப் போனபோது, “மக்களே, அந்தப் பக்கத்தைப் போடாதே” என்றார். அவர் கணவருக்குப் பேசி அனுப்பியது அதில் இருந்தது. ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, மறுபக்கம் கடிதம். அப்படித்தான் அன்று எல்லோரும் அனுப்பினார்கள். கடைகளில் கேட்காமலே இரண்டு பக்கத்தையும் பிடித்துக் கணினியில் வைத்துக்கொள்வார்கள் என்பதை நினைத்தபோது, அண்ணாவி வீட்டுக் கேசட்டுகளை அப்படி அனுப்பியது எனக்கே கூச்சமாக இருந்தது. பிறர் வீட்டுக் கேசட்டை வாங்கினால் எந்தப் பக்கத்தைக் கேட்கலாம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரியம்மையின் வீட்டில் டெக்கை ஒரு நாள் விட்டுவிட்டு வந்தேன். அவர் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

கிடைத்த பிறகு வரும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாவியின் மகன் இதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்கிறார். உடுக்கை அடித்தவரின் குடும்பம் வேண்டாம் என்கிறது. சட்டப்படி ஒலிபரப்பியவருக்கு உள்ள மறு ஒலிபரப்பு உரிமை 25 ஆண்டுகள். கலைஞருக்கான உரிமை 50. ஒலிப்பதிவின் மீதான பதிப்புரிமை 60. 1982 நிகழ்ச்சிக்கு இவற்றில் முதலாவது மட்டுமே முடிந்திருக்கிறது. அதனால் இப்போதைக்குக் குழுவில் இருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பென்டிரைவ் கொடுத்திருக்கிறேன். நிலையத்துக்கும் ஒரு பிரதி தருவதாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். பொதுவில் ஏற்றுவதைப் பற்றி அவர்கள் பதிலுக்குப் பிறகு எல்லாக் குடும்பங்களும் உட்கார்ந்து பேசிக்கொள்வது என்று முடிவு. இந்தப் பேச்சைப் பதிவு கிடைப்பதற்கு முன்பே பேசி வைப்பது நல்லது. கிடைத்த பிறகு ஆளுக்கு ஒரு நியாயம் முளைக்கிறது.

இரணியல், ராஜாக்கமங்கலம், குளச்சல் பக்கம் பரணில் கேசட் பெட்டி வைத்திருக்கிறவர்கள் அடுத்த மழைக்கு முன்னால் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன், குறிப்பாக வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த கேசட்டுகள் என்றால், முதல் சில நிமிடங்களையாவது ஓட்டிக் கேளுங்கள். அறிவிப்பாளர் வாசிக்கும் பெயர்களை ஒரு தாளில் குறித்து அந்தக் குடும்பத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். அப்பாவின் குழு 1982-க்குப் பிறகும் வானொலியில் பாடியிருக்கிறது. அந்த நிகழ்ச்சிகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.